சூரியப் புயல்: காக்க வேண்டியது கண்ணை, செல்போனை அல்ல

2024 மே 10, 11 தேதிகளில் இருபது ஆண்டுகளில் காணாத சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அப்படியொன்று வந்துபோனதே தெரியாது. இத்தகைய புயலைக் கிளப்பும் வெடிப்புகள் பெரும்பாலும் சூரியனின் கரும்புள்ளிகளுக்கு அருகே எழும். அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை உச்சத்துக்குப் போய் இறங்கும். இறங்குமுகத்திலும் பெரிய வெடிப்புகள் வரும். 2003 அக்டோபர்ப் புயல் அப்படி வந்ததுதான்.

செய்ய வேண்டியவை

● கரும்புள்ளியை அட்டையில் பாருங்கள். பைனாகுலரை ஸ்டாண்டில் பொருத்தி, ஒரு குழலை மூடிவிட்டு, மற்றதைச் சூரியன் பக்கம் திருப்புங்கள். குறிபார்க்கக் கண்ணை வைக்கவே கூடாது. தரையில் விழும் பைனாகுலர் நிழல் மிகச் சிறிதாகும்வரை அசைத்தால் போதும். பின்னால் ஓரடி தள்ளி வெள்ளை அட்டையைப் பிடித்தால் சூரிய வட்டம் விழும். அதில் தெரியும் புள்ளி நிஜமா, அழுக்கா? அட்டையை லேசாக நகர்த்துங்கள்; அட்டையோடு போனால் அழுக்கு, வட்டத்திலேயே நின்றால் சூரியனுடையது. பெரிய புள்ளியில் நடுவே கருமையும் சுற்றிலும் சாம்பல் நிற விளிம்பும் தெரியும். உண்மையில் அது கருப்பே அல்ல. சூரியப் பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். புள்ளி அதைவிட ஆயிரம் டிகிரிக்கும் மேல் குறைவு. அதனால்தான் அந்த மங்கல். பூமியை உள்ளே போட்டாலும் இடம் மிச்சமிருக்கும் புள்ளிகளும் உண்டு. இடையிடையே குழலை மூடுங்கள்; சூடேறினால் லென்ஸ் கெடும்.

● பிள்ளைகளைத் தினமும் ஒரே நேரத்தில் அந்த வட்டத்தை நோட்டில் வரையச் சொல்லுங்கள். ஒரு விளிம்பில் முளைத்த புள்ளி மறு விளிம்புக்குப் போக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். சூரியன் சுழல்வதை இதைவிட மலிவாகக் காட்ட வழியில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து செய்துவருவதும் இதைத்தான், பெரிய அளவில். புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் அங்கேதான் கண்டுபிடித்தார்.

● 'எக்ஸ் வகை வெடிப்பு' என்று செய்தி வந்தால் தேதியைப் பாருங்கள். சூரிய வெடிப்புகளில் எம் வகையைவிட எக்ஸ் பத்து மடங்கு வலியது. அதன் ஒளி எட்டு நிமிடத்தில் வந்து முடிந்திருக்கும். கூடவே கிளம்பும் மின்னூட்ட வாயு வந்துசேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அந்த அவகாசத்தில்தான் மின்வாரியங்களும் விமான நிறுவனங்களும் உஷாராகின்றன. நம் ஆதித்யா எல்1 விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று கண்காணிப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

● படகில் கடலுக்குப் போகிறவர்கள் ஜிபிஎஸ்ஸோடு காந்தத் திசைகாட்டியும் வைத்திருங்கள். அந்த 2024 புயலில் அமெரிக்காவில் ஜிபிஎஸ் டிராக்டர்கள் தடம் மாறி, விதைப்பையே நிறுத்த வேண்டிவந்தது.

செய்யக்கூடாதவை

● "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை ஆபத்தான கதிர்கள் வருகின்றன, போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்" என்பதை யாருக்கும் அனுப்பாதீர்கள். எந்த 'இன்று' என்று அதில் இருக்காது. அதனால்தான் வருஷக்கணக்கில் சுற்றுகிறது. வெடிப்பின் எக்ஸ் கதிர் பகலாக இருக்கும் பாதியில்தான் படும். அதையும் காற்றுமண்டலம் மேலேயே உறிஞ்சிவிடும். நள்ளிரவில் நமக்கும் சூரியனுக்கும் நடுவே பூமியே நிற்கிறது!

● கனடாவின் கியூபெக்கில் நடந்ததைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். 1989 மார்ச் 13-இல் சூரியப் புயலால் அங்கே 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை, உண்மைதான். அது காந்தத் துருவத்துக்குப் பக்கம். மின்சாரத்தை எளிதில் கடத்தாத பாறைத் தரை. நீள நீளமான மின்தடங்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு அருகில். இதற்காக இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். வழக்கமான மின்வெட்டுக்கு வேண்டுமானால் வாங்குங்கள்.

● கத்திரி வெயிலுக்குக் கரும்புள்ளியைப் பழிக்காதீர்கள். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே சூரிய ஆற்றலில் வித்தியாசம் வெறும் 0.1 சதவீதம்.

● எக்ஸ்ரே பிலிம், சிடி, கரிபிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், மஞ்சள் நீர் எதை நம்பியும் சூரியனைப் பார்க்காதீர்கள். கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது அதைவிட மோசம்; குவிந்த வெயில் அந்தக் கண்ணாடியைப் பொசுக்கிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்த பிறகும் தெரியாது. சூரியனைப் பார்த்த சில மணி நேரத்தில் பார்வையின் நடுவில் மறைப்போ மங்கலோ வந்தால், வீட்டுச் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.