கடைசி அப்டேட் எப்போது?

கைபேசியில் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. என்ன மாறியது என்று பார்த்தால் ‘சில பிழைகள் நீக்கப்பட்டன’ என்று ஒற்றை வரி இருக்கும். அதையும் யாரும் படிப்பதில்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் மனதில் ஓர் அளவுகோலாக உட்கார்ந்துவிட்டது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைத் தேடிப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது, கடைசி வெளியீடு எந்தத் தேதியில் வந்தது என்பதைத்தான். அந்தத் தேதியை வைத்து எழுதப்படும் தீர்ப்புகள் சிலவற்றை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: இரண்டு மூன்று வருடமாக அப்டேட் இல்லையென்றால் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

கணித, இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளை அச்சுக் கோக்கும் டெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டொனால்ட் க்னூத் 1977-இல் தொடங்கி எழுதிய மென்பொருள். இனிப் புது வசதி எதையும் சேர்ப்பதில்லை, பிழை இருந்தால் திருத்துவதோடு சரி என்று 1990-இல் அவர் அறிவித்துவிட்டார். திருத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணில் ‘பை’ மதிப்பின் அடுத்த இலக்கம் ஒன்று கூடும். 2021-இல் வந்தது 3.141592653. வந்து குவிந்த பிழைப் புகார்களை அவர் அண்மைக்காலத்தில் எடுத்துப் பார்த்த வருடங்கள் 2003, 2008, 2014, 2021. இடைவெளி 5, 6, 7 என்று நீள்வதைக் கவனியுங்கள். அடுத்த முறை 2029. மெய்யான பிழையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 327.68 டாலர் பரிசும் உண்டு. தன் காலத்துக்குப் பிறகு பதிப்பு எண் ‘பை’ என்றே நின்றுவிட வேண்டும், மிச்சமிருக்கும் பிழைகளையெல்லாம் வசதிகளாக எண்ணிக்கொள்ளுங்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார் மனிதர்!

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. முப்பது வருடத்துக்கு முன் எழுதிய கட்டுரையை இன்று டெக்ஸில் ஓட்டினாலும் வரிகள் அதே இடத்தில் மடங்க வேண்டும். புது வசதி வேண்டுவோருக்கு, அதன் மேல் கட்டப்பட்ட லேடெக்ஸ் வருடத்துக்கு இரண்டு முறை வெளியாகிறது.

இதற்காக, சும்மா இருக்கும் திட்டமெல்லாம் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தரவைச் சுருக்கும் இசட்லிப் நிரலகம் கணக்கற்ற மென்பொருள்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் 1.2.11 பதிப்பு 2017 ஜனவரியில் வந்தது. அடுத்தது 2022 மார்ச்சில். நடுவில், 2018-இல், நினைவகத்தைச் சிதைக்கும் பிழை ஒன்றை ஒருவர் சுட்டிக்காட்ட, மூல நிரலில் அப்போதே திருத்தியும்விட்டார்கள். புதிய பதிப்பாக மட்டும் வெளியிடவில்லை. மருந்து தயாராகியும் நான்கு வருடம் கடைக்கு வரவில்லை. இங்கே பயனர்கள் கேட்டிருந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆக, பார்க்க வேண்டியது புகார்களுக்குப் பதில் வருகிறதா, திருத்தம் பயனரிடம் போய்ச் சேர்கிறதா என்பது.

நம்பிக்கை: பதிப்பு எண் பழையதென்றால் பாதுகாப்பு ஓட்டையும் அப்படியே இருக்கும்.

டெபியன் லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் தவறாமல் இடறும் இடம் இது. அதன் ஸ்டேபிள் பதிப்பு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. வெளியான அன்று உள்ளே இருந்த மென்பொருள்களின் பதிப்பு எண்ணை அதன்பின் பெரும்பாலும் தொட மாட்டார்கள். ஓட்டை ஏதும் தெரியவந்தால், அதை அடைக்கும் வரிகளை மட்டும் புதிய பதிப்பிலிருந்து எடுத்துப் பழையதில் பொருத்துவார்கள். பேக்போர்ட் என்பது இதைத்தான்.

2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, நிரலகத்தை எழுதியவர்கள் 1.0.1ஜி என்ற திருத்திய பதிப்பைத் தந்தார்கள். டெபியன் 7 வைத்திருந்தவர்கள் அப்டேட் செய்துவிட்டுப் பார்த்தால், அதே பழைய 1.0.1இ! விஷயம் வாலில் இருந்தது: ‘1.0.1இ-2+டெப்7யு5’. அந்த ‘யு5’ வந்திருந்தால் ஓட்டை அடைபட்டது என்று பொருள். எண்ணை மட்டும் பார்த்துச் சிவப்புப் பட்டியல் அச்சடிக்கும் பாதுகாப்பு ஸ்கேனர்களுக்கு இந்த வால் தெரியாது. அந்தப் பட்டியலை அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பி, சர்வர் நிர்வாகியின் தூக்கத்தைக் கெடுப்பவர்களும் குறைவில்லை.

இன்னொன்று: ஹார்ட்பிளீட் நுழைந்ததே 2012-இல் வந்த 1.0.1 பதிப்பில்தான். 0.9.8-ஐ விடாமல் வைத்திருந்தவர்களை அது தொடவே இல்லை.

நம்பிக்கை: அப்டேட் கேட்டு நச்சரிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதை எக்ஸ்இசட் காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருக்கும். ஒருவர் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். 2022 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, அதுவரை யாரும் கேள்விப்படாத சில பெயர்களிலிருந்து அவருக்குப் புகார்கள் வந்தன: பேட்ச் எனும் திருத்தங்களைச் சேர்க்க இத்தனை தாமதமா, வேறு பராமரிப்பாளரைப் போடுங்கள். இது சம்பளமில்லாத வேலை என்று அவர் பதில் எழுதியும் நச்சரிப்பு நிற்கவில்லை. பக்கத்திலேயே, பொறுமையாக பேட்ச் அனுப்பியபடி ஒருவர் காத்திருந்தார். பெயர் ஜியா டான். மெல்ல மெல்லப் பொறுப்பு அவர் கைக்கு மாறியது. 2023 மார்ச்சில் 5.4.2 பதிப்பை அவரே வெளியிட்டார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0-க்குள், தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் நுழையும் பின்வாசல் ஒளிந்திருந்தது. அடுத்த மாத 5.6.1-இலும் அதே. உடனே, இந்தப் புதிய பதிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் கோரிக்கைகள் போயின. பார்வைக்கு எல்லாமே ஆர்வமுள்ள பயனர்கள் தினமும் எழுதுகிற வகைக் கோரிக்கைகள். புகார் எழுதிய பெயர்களும் போலி என்பதே ஆராய்ந்தவர்கள் பலரின் கணிப்பு.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தன் கணினியில் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி பிந்துவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால் குட்டு வெளிப்பட்டது. மார்ச் 29 அன்று அவர் உலகுக்கு அறிவித்தார். டெபியன் ஸ்டேபிளில் அன்று இருந்தது 5.4.1, பழைய பராமரிப்பாளர் தன் கையால் வெளியிட்ட பதிப்பு. அதை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம்பிக்கை: அப்படியானால் எதையும் அப்டேட் செய்யாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கூடவே கூடாது. பிரவுசர் தினமும் முன்பின் தெரியாத தளங்களின் நிரலை வாங்கி ஓட்டுகிறது. குரோம் 2021-இல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கியதில் அர்த்தம் இருக்கிறது. பதிப்பு எண்ணைத் தொட மறுக்கும் டெபியன் ஸ்டேபிளே ஃபயர்ஃபாக்ஸுக்கும் குரோமியத்துக்கும் விதிவிலக்குத் தந்து புதிய பதிப்புகளை அனுப்புகிறது.

தேதி பார்த்தே ஆக வேண்டுமென்றால், ஆதரவு எப்போது முடிகிறது என்ற தேதியைப் பாருங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-க்கு முதல் மூன்று வருடம் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள். அதன்பின் நீண்டகால ஆதரவுக் குழு 2028 ஜூன் வரை பார்த்துக்கொள்ளும். அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாறிவிட வேண்டும்.