பஸ் நிற்கும்போது கேமும் நிற்குமா?

கேமைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸில்தான் ஆரம்பிக்கும். எத்தனை எஃப்பிஎஸ் வருகிறது, எந்த போனில் சூடாகாமல் ஓடுகிறது, எந்தத் துப்பாக்கிக்கு என்ன ஸ்கின். குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி ஒரகடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ ஷிஃப்ட்டுக்குப் போய்வருகிறவனுக்கு இதெல்லாம் அப்புறம். அவன் முதலில் பார்க்க வேண்டியது வேறு. பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் இந்த கேம் என்ன செய்யும்? சும்மா விடுமா, பாயிண்ட்டைக் குறைக்குமா, காசு கேட்குமா?

நம் பக்கத்து வேலை அப்படி. பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். கேட்டில் இறங்கினால் பல கம்பெனிகளில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக முடியும். ஒரு வாரம் ஏ ஷிஃப்ட், அடுத்த வாரம் பி, அதற்கடுத்து நைட். தூக்கமே தவணை முறையில் கிடைக்கும்போது கேமுக்கென்று தனி நேரம் எங்கே போய்த் தேடுவது? கிடைக்கிற துண்டு நேரத்துக்குப் பொருந்துகிற கேம்தான் நல்ல கேம். கோயம்பேட்டில் கடை வைத்திருப்பவரும் தரமணியில் ஐடி வேலை பார்ப்பவரும் வேறு பட்டியல் போடலாம். இது என் பட்டியல்.

இந்த வட்டாரத்துக்குத் துண்டு நேரக் கணக்கு புதிதல்ல. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்தக் காலத்து சாதா போன்கள் பலவற்றில் பாம்பு கேம் உண்டு. 1997இல் நோக்கியா 6110 போனுக்காக டானெலி அர்மான்ட்டோ எழுதிய கேம் அது. பஸ் வந்துவிட்டால் பாம்பைச் சுவரில் முட்டவிட்டு போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம். நாளைக்கு வரவில்லை என்றால் பரிசு போய்விடும் என்று அது மெசேஜ் அனுப்பியதில்லை. இன்று இதே வட்டாரத்தில் ஐபோன் தயாராகிறது. பாம்புக்கு இருந்த அந்தப் பெருந்தன்மை மட்டும் பெரும்பாலான கேம்களில் காணோம்.

பஸ்ஸில் எது?

என் முதல் சிபாரிசு ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டது. 2019இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. சில நூறு ரூபாய் கொடுத்து ஒருமுறை வாங்கினால் போதும், விளம்பரம் கிடையாது, உள்ளே கடை கிடையாது, நெட்டும் தேவையில்லை. கதாநாயகன் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தாத்தாவின் பண்ணைக்குப் போகிறான். ஆரம்பத்தில் பதினைந்து பார்ஸ்னிப் விதைகளைக் கையில் கொடுப்பார்கள். மண்ணைக் கொத்தி, விதைத்து, தினம் தண்ணீர் ஊற்றினால் நாலு நாளில் அறுவடை. (விளைநிலம் சிப்காட் ஆன ஊரில், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பொம்மை நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை நினைத்தால் சிரிப்பு வரும். வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.)

இதை பஸ்ஸுக்கு நான் சொல்வதற்குக் காரணம் அதன் கடிகாரம். கேமுக்குள் காலை 6 மணிக்கு விடிந்து, அதிகபட்சம் இரவு 2 மணிக்கு நாள் முடியும். நம் கடிகாரத்தில் அது சுமார் 14 நிமிடம். படுக்கையில் போய்ப் படுத்தால் அந்த நாள் சேவ் ஆகிவிடும். குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி சோமங்கலம் தாண்டுவதற்குள் ஒரு நாள் வயல் வேலை முடிந்திருக்கும். ஒரகடம் கேட்டுக்குள் இன்னும் ஒன்றிரண்டு. நடுவில் மூடினாலும் மொபைலில் பெரும்பாலும் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதை நம்பாமல் ஆளைப் படுக்க வைத்துவிட்டு மூடுவது நல்லது. "தம்பி, உன் கேட்டு வந்துருச்சு" என்று டிரைவர் கத்தும்போது அவசரமே இருக்காது.

இதற்குப் போட்டி பலாட்ரோ. 2024 பிப்ரவரியில் வந்தது, அதே வருடம் செப்டம்பரில் போனுக்கும் வந்துவிட்டது. இதையும் செய்தது ஒரே ஆள்தான். போக்கர் கைகளை வைத்துப் பாயிண்ட் சேர்க்க வேண்டும், கூடவே 150 ஜோக்கர்கள். ஒவ்வொரு ஜோக்கரும் விதியை ஒவ்வொரு விதமாக வளைக்கும். சீட்டுக்கட்டு என்றதும் பயப்பட வேண்டாம், பணம் கட்டும் வேலையே இல்லை. இருந்தாலும் ஐரோப்பாவில் இதற்குப் பதினெட்டு வயது முத்திரை குத்தி, மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் பன்னிரண்டு என்று இறக்கினார்கள். என்ன வரும் என்று தெரியாத பாக்கெட்டைக் காசுக்கு விற்கும் கால்பந்து கேமுக்கு அப்போது அங்கே மூன்று வயது முத்திரை. அந்த வேடிக்கை ஒருபுறம்.

இரண்டில் எது? மூளைக்கு வேலை கொடுப்பதில் பலாட்ரோ ஒரு படி மேல். எந்த நொடியில் மூடினாலும் அப்படியே நிற்கும். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்ததும் இன்னொன்று என்று விரல் தானாகப் போகும், நைட் ஷிஃப்ட் முடித்துப் படுக்கப் போகிறவன் பகல் பதினொரு மணி வரை அதிலேயே கிடப்பான். அதனால் பலாட்ரோவைப் போகும் பஸ்ஸில் மட்டும் திறங்கள். ஸ்டார்டியூவைத் திரும்பும் பஸ்ஸிலும் ஆடலாம்.

செஸ்? 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் பஸ்ஸிலும் செஸ் ஆடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆப் எது என்று கேட்டால் லிசெஸ். 2010இலிருந்து இருக்கிறது, முழுக்க இலவசம், விளம்பரம் அறவே இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. ஆனால் ஓடுகிற பஸ்ஸில் ரேட்டிங் மேட்ச் வேண்டாம். டவர் மாறுகிற இடத்தில் நெட் விட்டால் உங்கள் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஜெயிக்கிற ஆட்டத்தை ஏரிக்கரை ஓரத்தில் தோற்பது கொடுமை.

ரூமில், நாலு பேர் இருந்தால்

இங்கேதான் சண்டை. பிஜிஎம்ஐயா, ஃப்ரீ ஃபயர் மேக்ஸா, கால் ஆஃப் டியூட்டியா?

மூன்றுக்கும் ஒரு பின்கதை உண்டு. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் அதையே இந்தியாவுக்கென்று பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மேயில் திரும்பி வந்தது. வரும்போது பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று எல்லை போட்டார்கள். ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் போனது, அதன் அண்ணன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் தப்பியது. கால் ஆஃப் டியூட்டி மொபைல் 2019 அக்டோபரிலிருந்து எந்த வம்பிலும் மாட்டாமல் ஓடுகிறது. வருடக்கணக்கில் சேர்த்த ஸ்கின் ஒரே உத்தரவில் காற்றில் போன பையன்களை எனக்குத் தெரியும். இந்த மூன்றில் எதில் காசு போட்டாலும் அதை மனதில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

விளையாட்டாக மட்டும் பார்த்தால் பிஜிஎம்ஐக்கு நிகர் இல்லை. நூறு பேர் குதிக்கிறார்கள், பெரிய மேப், தூரத்தில் கேட்கிற காலடி, "மச்சான், ஜோன் வருது, லூட்டை விடு" என்று ஹெட்செட்டில் ஒரு குரல். நல்ல ஸ்குவாட் அமைந்தால் அது வேறு அனுபவம். ஆனால் கிளாசிக் மேட்ச் ஒன்று அரை மணி நேரம் வரை இழுக்கும், பாதியில் எழுந்தால் மூன்று நண்பர்களின் ராங்க் உங்கள் கையில். சூப்பர்வைசர் ஓவர்டைம் கேட்டு போன் போட்டால் யாரை முதலில் சமாதானம் செய்வது? எனவே இது வீக் ஆஃப் அன்றைக்கு, நாலு பேருக்கும் ஒரே ஷிஃப்ட் என்றால் மட்டும்.

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஐம்பது பேர், பத்துப் பதினைந்து நிமிடம். பழைய போனிலும் ஓடும், அதுதான் அதன் பலம். ஆனால் திறந்த உடனே டயமண்ட் சக்கரம், ஆஃபர், கவுண்ட்டவுன் என்று கடைத்தெருவில் மாட்டிய மாதிரி இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றி என்ன விழும் என்று தெரியாமல் காசு கொடுப்பதை நான் விளையாட்டாகவே சேர்க்க மாட்டேன்.

ஷிஃப்ட் ஆளுக்கு என் ஓட்டு கால் ஆஃப் டியூட்டியின் ஐந்துக்கு ஐந்து மேட்சுக்கு. பத்து நிமிடத்துக்குள் முடியும். செத்தால் உடனே எழுந்து வரலாம், அரை மணி நேரம் புல்லில் ஒளிந்து கிடக்க வேண்டியதில்லை. போனில் இடம் நிறைய கேட்கும் என்பதுதான் குறை.

கிரிக்கெட்டுக்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்த வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் இருக்கிறது. மூன்றாம் பதிப்பு 2020இல் வந்தது, தமிழ் வர்ணனையும் உண்டு. போன் பழையது என்றால் இரண்டாம் பதிப்பு. விளம்பரம் எரிச்சல் தரும், டேட்டாவை அணைத்துவிட்டு ஆடுங்கள். ஐந்து ஓவர் மேட்ச் போதும். டெஸ்ட் மேட்ச் ஆடுகிறவர்களின் பொறுமைக்கு என் வணக்கம்.

வீக் ஆஃப் அன்று

லேப்டாப்போ நண்பன் வீட்டில் கன்சோலோ கிடைத்தால் வெண்பாவை ஒருமுறை ஆடிவிடுங்கள். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலை 31 அன்று வந்தது, 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி வெண்பா, பாவலன், அவர்களுடைய மகன் கவின். துப்பாக்கி இல்லை, பாயிண்ட் இல்லை. அம்மா கொடுத்த சமையல் நோட்டு ஒன்று, அதில் கிழிந்தும் கறைபட்டும் போன வரிகள். மிச்சத்தை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

முதல் பாடமே இட்லி. மாவை ஊற்றியாகிவிட்டது, தட்டுகளை அடுக்க வேண்டும். எந்தக் கோணத்தில் திருப்பி வைத்தால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும், மேல்தட்டு கீழே இருக்கும் இட்லியை நசுக்காது? வெள்ளைக்கார விமர்சகர்கள் இதைப் புதிர் என்று எழுதினார்கள். நம் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும், ஆனால் ரூமில் வளர்ந்த பையன்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் ரூமில் இரண்டாவது வகைதான். அதன் பிறகு புட்டு, பிரியாணி. பின்னணியில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு காலத்துத் தமிழ் சினிமா இசையையும் நினைவூட்டுகிற பாட்டுகள். ஊரை விட்டு வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவர்கள், அம்மாவின் போனை எடுக்காமல் விட்டவர்கள், மகன் கவின் மெசேஜுக்குப் பதில் போடாத இடத்தில் கொஞ்சம் நெளிவார்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சத்தமாக இருக்கும் மூன்று மணி நேரப் படத்துக்குக் கொடுக்கிறீர்களே. இருந்தாலும் தள்ளுபடி வரும்போது வாங்குவதில் தவறில்லை.

நீண்ட கேம் வேண்டும் என்றால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டு, புதுப்பித்த பதிப்பு. பிரௌசிங் சென்டர் காலத்தில் மணிக்குக் காசு கொடுத்து ஆடியவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. 2022 ஏப்ரலில் வந்த இந்திய வம்சங்கள் தொகுப்பில் திராவிடர்கள் தனி நாகரிகமாகவே வருகிறார்கள். சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு எல்லாம் உண்டு. கம்ப்யூட்டருடன் ஆடும்போது எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம். அந்த ஒரு வசதிக்காகவே இதற்குக் கல்யாணமானவர்கள் மத்தியில் நல்ல பெயர். ஆன்லைனில் முகம் தெரியாதவர்களுடன் ஆடப் போனால் அந்த வசதி போய்விடும்.

பிஎஸ் ஐந்து பற்றிக் கேட்பார்கள். புது கேம் ஒன்றே நாலாயிரம், ஐயாயிரம். ரூமில் இருப்பவனுக்கு அது முதலீடு அல்ல, பொறுப்பு. ஊருக்குப் போகும்போது எங்கே வைத்துவிட்டுப் போவது?

ஒப்பீட்டில் சேராதவை

ரம்மி ஆப், பணம் கட்டும் ஃபேண்டஸி கிரிக்கெட் இரண்டையும் கேம் என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன். ஆன்லைன் சூதாட்டம் பற்றி நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது 2022இல். ஆளுநர் திருப்பி அனுப்பிய தடை மசோதாவைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் அது தமிழ்நாட்டுச் சட்டமானது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி விலக்கியது. பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது, ஆதார் வேண்டும் என்று மாநில அரசு விதி போட, 2025 ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றது. நைட் ஷிஃப்ட் பிரேக்கில் போனைத் தட்டுகிற ஆளுக்கு அந்த ஐந்து மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பது இந்தப் பக்கம் வேலை பார்த்தால்தான் புரியும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களுக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் கடையை மூடின. ஆனால் டெலிகிராமில் லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது, சம்பளம் விழுகிற வாரத்தில் கொஞ்சம் கூடுதலாக. "முதல் ஐந்நூறு நாங்க போடுறோம் ப்ரோ" என்று வந்தால் பிளாக் செய்யுங்கள்.

வீட்டில் தம்பி தங்கச்சிக்கு உங்கள் போனைக் கொடுப்பதாக இருந்தால் ஒரு வேலை பாக்கி. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி மாற்றுங்கள். யுபிஐ ஆட்டோபேயில் எந்த கேமின் பெயராவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ரத்து செய்துவிட்டு போனைக் கொடுங்கள்.