பேட்டை வீதிகளுக்கு நிழல் மரங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குச் சித்திரை மாதத்தில் தானியங் கொண்டுவரும் குடியானவர், தம் ஊர்ப் புளியந்தோப்பில் தாங்கக்கூடியதாயிருந்த வெயில் பேட்டை வீதியில் தாங்கவொண்ணாததாயிருப்பதை அனுபவத்தில் அறிவர். இதற்குக் காரணம் உண்டு. தார்ச் சாலையும் சிமெண்டுச் சுவரும் பகல் முழுவதும் உஷ்ணத்தை உட்கொண்டு, இரவில் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. ஈரமண்ணிலும் பயிரிலும் உஷ்ணத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். தாருக்கு அவ்வழி இல்லை. கரியமில வாயுவின் பெருக்கத்தால் பூமி முழுவதுமே சூடேறி வருங்காலத்தில், நகரவாசிகளுக்கு இது இரட்டைச் சுமையாகும்.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய விஷயமன்று. 2010 மே மாதத்தில் அஹமதாபாத் நகரில் வழக்கத்திற்கு மேல் 1,300 பேருக்கு அதிகமாக மாண்டனர். தமிழ்நாட்டு அரசாங்கமும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மூட்டை சுமப்போரும், சந்தைக்கு வரும் உழவருமே வெயிலில் முதலில் வருந்துவோர்.

மரம் இருவகையில் உதவுகிறது. நிழலிலுள்ள தரையும் சுவரும் வெயிலிலுள்ளவற்றைவிட 11 முதல் 25 டிகிரி ஸெண்டிகிரேட் வரை குளிர்ந்திருக்கலாம். இலைகள் வெளிவிடும் நீராவியால் காற்றின் உஷ்ணமும் ஓரளவு தணியும். ஆனால் தண்ணீரின்றி வாடும் மரம் இரண்டாவது உதவியைச் செய்யாது. இதனைப் பலர் கவனிப்பதில்லை.

வீதிகளுக்குப் புங்கனும் வேம்பும் மிக ஏற்றவை. இவை கோடை முற்றுமுன் புதுத்தழை விடும். புங்கந்தழை வயலுக்கு உரமாவதை உழவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆலும் அரசும் சுவரைப் பிளக்குமாதலால் குளக்கரையில் வைப்பதே நலம். திருமணிமுத்தாற்றின் கரைக்கு நீர்மருது உகந்தது. செந்நிறப் பூவின் அழகுக்காகக் குல்மொஹர் வைப்போர், அது காற்றில் எளிதில் முறிவதை அறிந்து வைப்பாராக.

ஆவணி, புரட்டாசி மழைக்கு முன்பே மூன்றடிச் சதுரமும் அதே ஆழமுமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு நிரப்புக. கன்றுக்கு முள்வேலி அவசியம். இரண்டு கோடை வரை தண்ணீர் விடுதல் வேண்டும். நட்ட அன்று கூடும் கூட்டம் முதற்பங்குனியில் வருவதில்லை. கன்றுகள் மடிவது பெரும்பாலும் அப்பொழுதே. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசினால் வேர் காற்றும் நீருமின்றித் தவிக்கும். ஆகையால் எப்பக்கமும் மூன்றடி மண்ணாகவே விடப்படவேண்டும்.

கன்னங்குறிச்சி மூக்கனேரியில், 2010-ல் நகரவாசிகள் தூர்வாரிய மண்ணைத் தீவுகளாகக் குவித்து மரம் வளர்த்தனர். இன்று அவை பறவைகளுக்கும் உறைவிடம்.

நகரையொட்டிய நிலங்களை மனைகளாக்கும் நிலச்சுவான்தார்கள், வரப்பிலுள்ள முதிர்ந்த மரங்களை வீதிக்கென விட்டு எல்லை குறிப்பார்களாயின், இருபது வருஷத்து நிழல் செலவின்றிக் கிடைக்கும். கிராம உத்தியோகஸ்தர்கள் 2-சி மரப்பட்டாக் கணக்கைப் பார்வையிடுங்கால், சாலையோரப் புறம்போக்கில் பட்டுப்போன மரங்களின் இடங்களையும் குறித்துக்கொண்டு, ஆடி மாதத்திற்குள் கன்றுகளுக்கு எழுதிக் கேட்பது தக்கது.