பாதி வருஷத்தில் பள்ளி மாற்றமா? காலை வயிற்றுவலியைத் திட்டாதீங்க!

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மே மாசம் பார்த்தா வருது? ஆகஸ்டில் வரும், நவம்பரில் வரும். பெரியவங்க பெட்டியைக் கட்டிவிடுவோம். ஒண்ணாம் வகுப்போ, மூணாம் வகுப்போ படிக்கிற குழந்தை என்ன செய்யும்?

நெய்வேலிப் பக்கத்து வீடுகளுக்கு இது புதுசில்லை. 1956-ல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்துக்கு இன்று தூத்துக்குடியிலும், ராஜஸ்தானில் பிகானேர் மாவட்டத்துப் பார்சிங்சரிலும் மின்நிலையங்கள் இருக்கின்றன. குடும்பங்கள் போகும், வரும். தாத்தா ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸையும் காலி செய்யணும். அப்படி வெளியே வந்து, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் நிறைய.

பார்சிங்சரிலிருந்து வடக்குத்து தாத்தா வீட்டுக்கு நவம்பரில் வந்து இறங்கும் ஏழு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் பள்ளியில் படித்தது இந்தி எழுத்து. சிநேகிதர்கள் அங்கே, மிஸ் அங்கே. நாம் கவலைப்படுவதோ, "போர்ஷன் விட்டுப்போச்சே!" என்று.

போர்ஷனைப் பிடித்துவிடலாம். முதலில் குழந்தையின் உடம்பு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

நிஜமாகவே வலிக்கிறதா?

"அம்மா, வயிறு வலிக்குது." காலை ஏழரை மணிக்கு வலி. பள்ளி வேன் போனதும் வலி போயிடும். ஞாயிற்றுக்கிழமை வலியே கிடையாது. "நடிக்கிறியா?" என்று அதட்டத் தோன்றும். வேண்டாம்.

அது பெரும்பாலும் நடிப்பல்ல. மனம் பதறும்போது குடலின் அசைவு மாறுகிறது. சாதாரண அசைவே வலியாகத் தெரிகிறது. 1958-ல் இங்கிலாந்தில் ஆப்லி, நெய்ஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு உறுப்புகளில் கோளாறு எதுவும் இல்லை. ஆனாலும் வலி உண்மை.

எனவே, "வலிக்குதுன்னு தெரியுது கண்ணு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும். பள்ளிக்கூடம் போகலாம், சாயங்காலம் நான் வாசல்ல நிப்பேன்" என்று சொல்லுங்கள். வலியை நம்புங்கள், ஆனால் லீவு கொடுக்காதீர்கள். ஒருநாள் வீட்டில் நிறுத்தினால் மறுநாள் வாசல் தாண்டுவது இன்னும் கஷ்டமாகிவிடும்.

பாத்ரூம் எங்கேன்னு தெரியுமா?

பல வீடுகளில் கேட்க மறந்துபோகும் கேள்வி இது. புதுப் பள்ளியில் பாத்ரூம் எங்கே, மிஸ்ஸிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாத குழந்தை அடக்கிக்கொள்ளும். தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று குடிக்காமலும் இருந்துவிடும். சாயங்காலம் வாட்டர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா? அதுதான் அடையாளம்.

சிறுநீரை அடக்கினால் கிருமித் தொற்று வரலாம். பெண் குழந்தைகளுக்கு வாய்ப்பு கூடுதல். மலத்தை அடக்கினால் இறுகி, அதுவே வயிற்றுவலியாகும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால், நிறுத்திவிட்ட குழந்தைகூட மறுபடி படுக்கையை நனைக்கலாம். அடித்தாலோ, மற்றவர் முன்னால் கேலி செய்தாலோ இது கூடத்தான் செய்யும்.

சேர்க்கும் நாளிலேயே பாத்ரூம், குடிதண்ணீர் இரண்டையும் குழந்தைக்கு நேரில் காட்டச் சொல்லுங்கள். "மிஸ், ஒண்ணுக்குப் போகணும்" என்று வீட்டில் சொல்லிப் பழக்குங்கள். காலையில் பத்து நிமிஷம் முன்னதாக எழுப்பி, டிபனுக்குப் பிறகு நிதானமாகக் கழிவறையில் உட்கார வையுங்கள். கீரை, வாழைப்பழம், கொய்யா தினமும் இருக்கட்டும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. வீடு மாறினாலும் படுக்கும் நேரம் மாற வேண்டாம். பழைய போர்வை, பழைய டிபன் பாக்ஸ், பழைய தலையணை கூடவே வரட்டும்.

கிளம்பும் முன்பு

கடைசி நாள் வரை மறைக்காதீர்கள். என்றைக்குப் போகிறோம், எதற்காகப் போகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். பழைய வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வரட்டும். ஒரு போட்டோ, இரண்டு சிநேகிதர்களின் போன் நம்பர் போதும். அழுதால் அழட்டும். "அங்கே இதைவிட நல்லா இருக்கும்" என்ற பொய்ச் சமாதானம் நிற்காது.

நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், காலாண்டு அல்லது அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கு 2012-13 முதல் முப்பருவ முறை. புதுப் பருவத்துக்குப் புதுப் புத்தகம் என்பதால் எல்லோரும் முதல் பக்கத்தில்தான் இருப்பார்கள்.

டி.சி. இல்லையென்றால்?

டி.சி. வரும் வரை குழந்தையை வாரக்கணக்கில் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தை மாற்றல் கேட்டால் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும் என்கிறது. அது தாமதமானாலும், அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது. உதவி பெறாத தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா இரண்டுக்கும் இந்த மாற்றல் உரிமை பொருந்தாது. அங்கே முன்கூட்டியே பேசி வைக்கவும்.

தமிழ் எழுத்து தெரியவில்லையா? அதற்காக ஒரு வகுப்பு கீழே இறக்கச் சம்மதிக்காதீர்கள். அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீட்டில் தினம் பதினைந்து நிமிஷம் போதும். தாத்தாவோடு பஸ் போர்டு, கடை போர்டு படிப்பதுகூடப் பாடம்தான்.

மொழி புதுசாக இருந்தால் சில வாரங்கள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. பேச்சைவிட முதலில் ஒரு சிநேகிதம் தேவை. பக்கத்தில் உட்காரும் பிள்ளையை ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தைப்பூசத்துக்கு வடலூர் போகிறீர்களா? அந்த வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

எப்போது டாக்டர்?

நாலு முதல் ஆறு வாரத்தில் மெல்ல மெல்லச் சரியாக வேண்டும். கீழே உள்ளவை தெரிந்தால் 'ஸ்கூல் பயம்' என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்:

• தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளைவிட்டுத் தள்ளி ஒரே இடத்தில் வலி
• காய்ச்சல், தொடர்ந்த வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைதல்
• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்
• படுக்கையை நனைப்பதோடு அடங்காத தாகமும் மெலிவும் (சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றைக்கே காட்டவும்)

வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை, தெரிந்த மொழியிலும் பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் பேசாமலே இருந்தாலோ, பள்ளிக்குப் போகவே அடியோடு மறுத்தாலோ குழந்தைகள் மனநல ஆலோசனை தேவை. யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்பதையும் பொறுமையாக விசாரியுங்கள்.

தினமும் சாயங்காலம், "இன்னிக்கு என்ன மார்க்?" என்பதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: "இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே?" அதற்கு ஒரு பெயர் பதிலாக வரும் நாளில், குழந்தை வேர்விடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.