நரையும் சாயமும்

வயது ஏற ஏற நரை தோன்றுவது இயற்கை. அதனை மறைக்க விரும்புவோரும் உண்டு. அப்படியே விட்டுவிடுவோரும் உண்டு. இரு சாராரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. தலைமுடிக்கு நிறமூட்ட விரும்புகிறவர், சரீரத்துக்குத் தீங்கு நேராமல் அதை வீட்டிலேயே செய்வது எப்படி என்பதே இங்குள்ள பாடம். நான் மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டுமே படித்தவன். இந்தப் பாடத்தை என் கடையில்தான் கற்றேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

சில ஆண்டுகளுக்கு முன், சுபாங் ஜெயாவில் எங்கள் கடைக்கு நெடுநாளாக வரும் ஒரு மாமி, தம் மகளின் நிக்காஹுக்கு நான்கு நாள் இருக்கும்போது வந்தார்கள். "தம்பி, தலைக்குப் போட ஏதாவது கொடுங்க. உடம்புக்கு ஒண்ணும் செய்யக் கூடாது" என்றார்கள். 'கறுப்பு மருதாணி' என்று அச்சிட்ட ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். "இலைதான் மாமி, பயப்படாதீங்க" என்றும் சொன்னேன். பொட்டலத்தின் மேல் இலைப் படம் இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாம் நாள் அவர்களுடைய நெற்றியும் காதுகளும் சிவந்து தடித்தன. மூன்றாம் நாள் இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. மகளின் நிக்காஹ் நடந்தபோது தாயார் உள்ளறையில் படுத்திருந்தார்கள். டாக்டர் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னார். பின்புறத்து மடிப்பில், எறும்பு போன்ற எழுத்தில், 'பாரா-ஃபெனிலீன்டயமைன்' என்று இருந்தது. மாமி என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியாது தம்பி" என்றார்கள். அந்தச் சொல்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. தெரியாமல் விற்றதே என் குற்றம்.

அந்தப் பொருள் என்ன?

பாரா-ஃபெனிலீன்டயமைன் என்பதைச் சுருக்கமாகப் பி.பி.டி. என்பர். 19-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட ரசாயனம் அது. 1907-இல் பாரீஸ் நகரில் யூஜீன் ஷூலர் என்னும் ரசாயன நிபுணர் தலைமுடிக்கான செயற்கைச் சாயம் ஒன்றைச் செய்து விற்கலானார். 1909-இல் அவர் தொடங்கிய கம்பெனியே பின்னாளில் லோரேயால் எனப் பெயர் பெற்றது. இன்று கடைகளில் உள்ள நிரந்தரச் சாயங்களிற் பெரும்பாலானவை பி.பி.டி.யையோ அதன் இனத்துப் பொருளையோ கொண்டவை. அதன் நுண்துகள்கள் நிறமின்றி முடிக்குள் நுழைந்து, உடன் கலக்கும் பெராக்சைடினால் பெரிதாகிக் கறுத்து, வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் சாயம் நிலைக்கிறது.

பலருக்கு இதனால் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் சிலருடைய சரீரம் அதைப் பகையாகக் கொள்கிறது. ஒரு முறை பகைத்தால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் பகைதான். அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். பத்து வருஷம் போட்டவருக்கும் பதினோராம் வருஷம் வரக்கூடும். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகப் பி.பி.டி.யையே அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைச்சாயத்தில், கலந்த பின், 2 விழுக்காட்டுக்கு மேல் அது இருக்கலாகாது. தோலில் பூசும் பொருளில் சேர்க்கவே கூடாது. கையில் கறுப்புச் சித்திரம் வரையும் 'கறுப்பு மருதாணி' ஆபத்தானது என்று சொல்லப்படுவதும் இதனாலேயே.

பெயரைக் கண்டு ஏமாறாதீர்

'அமோனியா இல்லை' என்று பெட்டியில் கண்டால், மென்மையான சாயம் என்று பலர் எண்ணுகிறார்கள். அமோனியாவின் வேலை முடியின் மேலோட்டைத் திறந்துவிடுவது. அதற்குப் பதிலாக வாடை குறைந்த வேறொரு காரப்பொருளைச் சேர்க்கிறார்கள். நிறம் தரும் ரசாயனம் மாறுவதில்லை. 'பி.பி.டி. இல்லை' என்ற பெட்டியிலும் டொலுவீன்-டயமைன் என்னும் அதன் உறவுப்பொருள் இருக்கலாம். பி.பி.டி. ஒவ்வாத பலருக்கு அதுவும் ஒவ்வாது.

ஆகவே முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். மலேசியாவில் முறைப்படி விற்கும் அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவேட்டில் அதைச் சரிபார்க்கலாம். எண் இருப்பதால் அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று பொருளல்ல. ஆனால் எண்ணும் உட்பொருள் விவரமும் இல்லாத பொட்டலத்தைத் தொடாதிருப்பதே புத்தி.

இரண்டு இலைகள்

மருதோன்றி என்றும் மருதாணி என்றும் நாம் சொல்வதை மலாய்க்காரர் இனாய் என்பர். ராஜஸ்தானத்துச் சோஜத் ஊர் இதற்குப் பேர்போனது. 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இந்த இலை தரும் நிறம் செம்மஞ்சளே. கறுப்பு தராது. மருதோன்றி என்று சொல்லி அரை மணியில் கறுப்பாக்கும் எதுவும் தனி மருதோன்றியன்று. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி ஆபத்து நீங்கும்.

இரண்டாவது அவுரி. நீலச்சாயம் தரும் செடி. தமிழ்நாட்டில் திண்டிவனம் வட்டாரத்தில் பயிராகிறது. தலைக்கு வேண்டியது அதன் உலர்ந்த இலைத்தூள்; துணிக்குப் போடும் நீலக்கட்டியன்று. செம்மஞ்சளின் மேல் நீலம் ஏறினால் பழுப்பும், நன்கு ஏறினால் கறுப்பை அடுத்த நிறமும் கிடைக்கும்.

செய்முறை

முதலில் சோதனை. இலைத்தூளானாலும் சிறிது குழைத்து முழங்கை மடிப்பில் தடவி, கழுவிய பின் 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ கண்டால் விட்டுவிடுங்கள். வாரிய சீப்பில் கிடைக்கும் முடியில் நிறத்தைப் பார்த்துக்கொள்வதும் நன்று.

ஆண்களின் குட்டை முடிக்கு 50 கிராம், தோள்வரை நீண்ட முடிக்கு 100 கிராம் மருதோன்றித் தூள் போதும். வெதுவெதுப்பான தேயிலை நீரில் தயிர்ப் பதமாகக் குழைத்துச் சில மணி நேரம் மூடி வையுங்கள். கையுறை அணிந்து, சுத்தமான முடியில் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வெறும் நீரில் அலசுங்கள். செம்மை போதுமென்பவர் இத்துடன் நிறுத்தலாம்.

பழுப்பு வேண்டுவோர் பின்னர் அவுரித்தூளை வெந்நீரிலன்றி வெதுவெதுப்பான நீரில், ஒரு சிட்டிகை உப்புடன் குழைக்கவும். மருதோன்றியைப் போல இதை ஊறவைக்கலாகாது. கால் மணிக்குள் பூசிவிட வேண்டும். தாமதித்தால் நீலம் கிண்ணத்திலேயே முற்றி வீணாகும். ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள். முதலில் பச்சை சாயலாகத் தோன்றினால் கலங்க வேண்டாம். காற்றுப் பட்டு ஓரிரு நாளில் கறுக்கும். அதுவரை ஷாம்பு போடாதீர்கள். மறுமுறை வேரில் வளர்ந்த நரைக்கு மட்டும் பூசினாற் போதும்.

குழந்தைகள் விஷயம்

இலை என்பதால் எல்லோருக்கும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஜி-6-பி-டி குறைபாடுள்ள குழந்தைக்கு மருதோன்றி பூசினால், அதன் சத்து தோல் வழியே சென்று இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக் கூடும். மலேசியாவில் குழந்தை பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். பெருநாளுக்குப் பச்சைக் குழந்தையின் கையில் மருதோன்றி வைக்கும் பாட்டிமார்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

மார்க்கத்தின் வழி

மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்களின் தந்தை வெண்ணரையோடு வந்ததும், அதை மாற்றும்படியும் கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் கூறியதும் நம்மில் பலர் கேட்ட செய்தி. மருதோன்றி அவர்கள் சிறப்பித்துச் சொன்ன பொருள்களுள் ஒன்று. சாயத்தின் நிறம் ஒளூவுக்குத் தடையன்று. குழம்பு படலமாக ஒட்டியிருந்தால் கழுவிவிட வேண்டும். மேற்கொண்டுள்ள ஐயங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

இப்போது என் கடையில் உட்பொருள் எழுதாத பொட்டலத்தை வைப்பதில்லை. வாங்குவோர் கேட்காவிட்டாலும் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். மாமி இன்றும் வருகிறார்கள். தலைக்கு எதுவும் வாங்குவதில்லை. அவர்கள் பட்ட துன்பம் நம் வீட்டில் இன்னொருவருக்கு நேராதிருக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதினேன். தலையில் பூசுமுன் படியுங்கள். படிக்க இயலாத பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.