தொழிற் பாடம்: முன் ஆசனத்தில் இருப்பது யார்?



வயலை விட்டு வந்த குடும்பத்துக்குக் கைத்தொழில் ஒரு காணித்துண்டைப் போன்றது. உங்கள் பிள்ளைகளில் சிலர் கராஜில் வேலை பழகலாம். சிலர் வாடகை வாகனம் ஓட்டலாம். இரு பகுதியாருக்கும் உதவும் பாடம் இது.

இப்படி வைத்துக்கொள்வோம். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை ஊடாக மட்டக்களப்புக்கு ஆள் ஏற்றும் ஒருவர், தன் காரைக் கராஜுக்குக் கொண்டுவருகிறார்.

"தம்பி, இந்தக் காற்றுப்பை லைற் நூருதில்லை. பல்பைக் கழற்றிவிடு."

"காக்கா, பல்பைக் கழற்றினால் லைற்தான் நூரும். பிழை உள்ளேயே இருக்கும். முதலில் பார்ப்போம்."

தம்பி சொன்னது சரி. ஏன் என்று பார்ப்போம்.

ஆசனம் எதைப் பார்க்கிறது?

மோதல் நடந்தால், கண் இமைக்கும் நேரத்துக்குள் காற்றுப்பை விரிகிறது. பட்டி அணிந்த பெரியவரை அது காக்கும். முன் ஆசனத்தில் தாயின் மடியில் இருக்கும் குழந்தையை அதே வேகம் கொல்லக்கூடும். 1990களில் அமெரிக்காவில் மெதுவான மோதல்களிலும் குழந்தைகள் இவ்வாறு இறந்தார்கள். அதன் பின்னரே, ஆசனத்தில் இருப்பவர் பெரியவரா, சிறியவரா என்று அறிந்து காற்றுப்பையை நிறுத்தும் உணரிகள் அங்கே பரவலாகின.

உணரிகள் எல்லாம் ஒன்றல்ல. சில வாகனங்களில் ஆசன மெத்தைக்கு மேல் மெல்லிய பாய் ஒன்று இருக்கும். ஆள் இருந்தால் அதன் தொடுமுனைகள் சேரும். பட்டி அணியச் சொல்லி லைற் எரியும். அதற்கு எடை தெரியாது. வேறு சிலவற்றில் பசை நிரப்பிய பை அழுத்தத்தை அளக்கும். இன்னும் சிலவற்றில் ஆசனக் கால்களிலுள்ள உணரிகள் நேராக எடையைப் பார்க்கும். உங்கள் வாகனத்தில் எது உண்டு என்பதை அதன் கைந்நூலில் முதலில் பாருங்கள்.

சோதிக்கும் ஒழுங்கு

கடைசி வரவைக்குத் தண்ணீர் வராவிட்டால், உடனே குளத்தைக் குறை சொல்வோமா? வாய்க்கால் வழியே நடந்து, எங்கே அடைபட்டது என்றல்லவா பார்ப்போம்? இங்கும் அப்படியே.

1. திறப்பைப் போட்டு லைற்றைப் பாருங்கள். சில விநாடி எரிந்து நூர்ந்தால் நல்லது. நூராமல் நின்றால் பிழை உண்டு. எரியவே இல்லை என்றாலும் பிழைதான். முன்பு யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். பாவித்த வாகனம் வாங்கும்போது இதை மறக்கவேண்டாம்.

2. ஆசனத்தை வெறுமையாக்குங்கள். அடியில் திணித்த பை, போத்தல், கருவி எல்லாவற்றையும் எடுங்கள். தடித்த உறையையும் கழற்றுங்கள். மெத்தை ஈரமாக இருந்தால் நன்றாக உலர விடுங்கள். காசு செலவில்லாத இந்த வேலையை முதலில் செய்யுங்கள்.

3. பெரியவர் ஒருவரை நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி இருத்துங்கள். கதவில் சாய்ந்தால் எடை குறைவாகத் தெரியும். லைற் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

4. ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அப்போது லைற் விட்டு விட்டு எரிந்தால், அடியிலுள்ள வயரிலோ இணைப்பிலோ குறை இருக்கலாம்.

5. இணைப்பைத் தொடுமுன் திறப்பை எடுத்து, பற்றறியின் மறை முனையைக் கழற்றி, கைந்நூல் சொல்லும் நேரம் காத்திருங்கள்.  பிறகு பச்சை பிடித்த முனை, வளைந்த ஊசி, நசுங்கிய வயர் உண்டா என்று பாருங்கள். கழற்றியபடி விட்டுத் திறப்பைப் போடவேண்டாம். புதிய பிழை பதிவாகும்.

6. இதற்குப் பின்னரே ஸ்கானர். என்ஜினை மட்டும் வாசிக்கும் மலிவான கருவி இங்கே உதவாது. காற்றுப்பைப் பகுதியை வாசிப்பது வேண்டும். பிழை எண்ணை எழுதி வைத்த பின்பே அழியுங்கள். எடை பார்க்கும் வகையானால், வெறும் ஆசனத்தில் அளவு பூச்சியத்துக்கு அருகில் நிற்க வேண்டும். ஆள் இருந்தால் ஏற வேண்டும். ஆசனத்தைக் கழற்றிப் பூட்டினால், கொம்பனி சொல்லும் முறைப்படி பூச்சிய அளவை மீண்டும் பதிக்க வேண்டி வரலாம்.

ஒருபோதும் செய்யக்கூடாதவை

மஞ்சள் இணைப்புகள் பெரும்பாலும் காற்றுப்பையினுடையவை. அவற்றில் மீற்றரை வைக்கவேண்டாம்; மீற்றரின் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்யலாம். உணரியின் இடத்தில் வேறு தடையைப் பொருத்தி வாகனத்தை ஏமாற்றவேண்டாம். உடைத்த வாகனத்தின் பாயைக் கொண்டுவந்து போடவும் வேண்டாம். சிலவற்றில் பாயும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒன்றுக்கொன்று அளவிட்ட சோடி.

கொம்பனியின் பிழையும் உண்டு

எல்லாக் குறையும் பாவித்தவரால் வருவதல்ல. 2023 டிசம்பரில் டொயோட்டா, இத்தகைய உணரிக் குறைக்காக உலகளவில் ஏறத்தாழ 11 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. 2024 பெப்ரவரியில் ஹொண்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 7 இலட்சத்து 50 ஆயிரம் வாகனங்களை அழைத்தது. அங்கே எடை உணரியின் உள்ளே ஒரு சிறு பாகம் ஈரப்பதனால் வெடித்து மின்சுற்று குறுகியது. அப்படியானால் நிறுத்த வேண்டிய வேளையில் காற்றுப்பை நிற்காது. கடற்கரையில் ஓடும் வாகனத்துக்கு ஈரப்பதன் புதிதல்ல. ஆகவே பாயை மாற்றுமுன், செசி இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் விசாரியுங்கள்.

வீட்டாருக்கு

எமது நாட்டில் 2011 முதல் முன் ஆசனத்தில் பட்டி அணிவது சட்டம். ஆனால் தாயும் மடியிலுள்ள குழந்தையும் ஒரே பட்டிக்குள் இருப்பது பாதுகாப்பல்ல. உணரிக்கு இருவரின் எடையும் சேர்ந்து ஒரு பெரியவராகவே தெரியும்; காற்றுப்பை விரியும். உணரி நன்றாக வேலை செய்யும் வாகனத்திலும் குழந்தை பின் ஆசனத்திலேயே இருக்கட்டும். "கொஞ்சத் தூரந்தானே" என்று யார் சொன்னாலும் விடவேண்டாம்.

பல்பைக் கழற்றிக் கொடுப்பவருக்கு அன்று கொஞ்சம் காசு கிடைக்கலாம். வாய்க்கால் வழியே நடந்து பிழையைக் கண்டுபிடிப்பவரிடமே ஆட்கள் திரும்பவும் வருவார்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் ஓடும் வாடகை வாகனங்களில் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்?
2. லைற் எரியாத வாகனமும் பிழையுள்ளதாக இருக்கலாம். எப்படி?
3. வாகனக்காரர் பல்பைக் கழற்றச் சொன்னால், தொழில் பழகும் பிள்ளை அவருக்கு எப்படி மரியாதையாக மறுமொழி சொல்லலாம்?