பத்திரிகையின் பெயர் போதுமா?

கேள்வி: எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்பவர்கள் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த கட்டுரையையே ஆதாரம் காட்டுகிறார்களே, என்ன பதில் சொல்வது?

பதில்: 1998-இல் வந்த அந்தக் கட்டுரையில் ஆராயப்பட்டவர்கள் வெறும் 12 குழந்தைகள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் இல்லை. ஊசிக்குப் பின் ஒன்று நேர்ந்தது என்பதாலேயே ஊசியால் நேர்ந்ததாகிவிடாது. முதல் ஊசி போடும் வயதும் ஆட்டிச அறிகுறிகள் தென்படத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. ‘லான்செட்டே சறுக்கினால் எதைத்தான் நம்புவது?’ என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2010-இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றதும் அதே லான்செட்தான். ஆதாரம் காட்டுபவரிடம் எங்கே வந்தது என்பதோடு, பிறகு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.